பொதுவழியும் வலைத்தளமும்

(மறைமலை நகரில் நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மாலை நேரப் பாட வகுப்பாகத் தொடங்கிய நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நன்னாளில், உயர்கல்வி பற்றியும் நிலவுரிமை பற்றியும் நமக்கு முன் பேசிய அறிஞர் பெருமக்கள் விரிவாக எடுத்துரைத்தனர். நமக்குத் தரப்பெற்ற பொருள் சற்றே புதுமையானது. கடைகளும் வங்கிகளும் தொழிற்சாலைகளும் இணையத்தில் நடத்திவரும் வலைத்தளங்களை, கண்பார்வை இல்லாதவரும் காது கேளாதவரும் கைவிரல் இழந்தவரும் பிறரைப் போலவே பயன்படுத்தும்படி அமைத்தல் என்பதே அப்பொருள். இதற்கும் நம் கழகத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் மனத்துக்குள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. அதுவும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நம் செங்கற்பட்டுச் சீமையிலே, மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசனார். 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை ஆதிதிராவிடர் பயன்படுத்த எத்தடையும் இல்லை என்பதே அதன் சாரம். அரசும் அதனை ஏற்றது. ஆணை வெளிவந்த மறுநாளே ஊர்க்கிணறுகள் யாவும் திறந்துவிட்டனவா? இல்லை என்பதை நம் பாட்டன்மார் அறிவர். மராட்டிய நாட்டிலும் அதுவே கதை. பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. மகாடு நகராட்சி 1924-இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆயினும், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று 1927 மார்ச்சு 20-ஆம் நாள் அந்நீரை அள்ளிப் பருகும் வரையில், அவ்வறிவிப்பு காகிதத்திலேயே கிடந்தது.

அண்ணலின் பள்ளிப் பருவம் பற்றியும் நம்மில் பலர் படித்திருப்போம். குழாயைத் தம் கையால் திறக்க அச்சிறுவருக்கு உரிமையில்லை. பள்ளிப் பணியாள் வந்து திறந்தால் குடிக்கலாம். அவர் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தண்ணீரே தரமாட்டோம் என்று எவரும் கூறவில்லை. வேறொருவர் கையால்தான் தருவோம் என்றனர். நம் மக்களை வாட்டிய கொடுமை அதில்தான் இருந்தது. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்று, யாரேனும் இரங்கி ஊற்றுவாரா என்று காத்திருந்த நம் பாட்டிமார்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இப்பொழுது நம் குடியிருப்பிலே வாழும் பார்வையற்ற இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பட்டம் பெற்றவர். ஒரகடத்திலோ திருப்பெரும்புதூரிலோ உள்ள ஒரு தொழிற்சாலை அலுவலகப் பணிக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்படுகிறார். முன்போல் வாயிற்காவலரிடம் மனுவைக் கொடுத்துவிட்டு வர இயலாது. வலைத்தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவரிடம் கைபேசி உண்டு. அதனை இயக்கவும் நன்கறிவார். ஆயினும் விண்ணப்பப் படிவத்தின் நடுவே தடைப்பட்டு, இ-சேவை மையத்திற்கோ பிரவுசிங் சென்டருக்கோ செல்கிறார். தம் ஆதார் எண்ணையும் கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் முன்பின் அறியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்கிறார். அவர் நல்லவராயிருந்தால் வேலை முடியும். அவர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாலோ, அன்றே கடைசி நாளாயிருந்தாலோ, வாய்ப்பு போயிற்று. பணியாள் வந்து குழாயைத் திறக்கும் வரையில் காத்திருந்த நிலைக்கும் இந்நிலைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் எவ்வளவு எண்ணியும் காண இயலவில்லை.

இவர் கைபேசியை எவ்வாறு இயக்குகிறார் என்று அறியாதோர் இவ்வவையில் இருக்கலாம். திரையில் உள்ளதைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. அதனைத் திரைவாசிப்பான் என்கிறோம். ஆண்டிராய்டு கைபேசிகளில் டாக்பேக் என்னும் பெயரில் அது விலையின்றிக் கிடைக்கிறது. கணினிக்கு என்.வி.டி.ஏ. என்பதும் விலையற்றதே. அதனை 2006-ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன் என்னும் ஆஸ்திரேலியர், அவரும் பார்வையற்றவர், அவரோடு இணைந்த ஜேம்ஸ் டேவும் அவ்வாறே. விலை மிகுந்த மென்பொருளை வாங்க இயலாத ஏழைகளுக்கும் இக்கருவி எட்ட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். தமிழையும் அது படிக்கும்.

திரைவாசிப்பானுக்குக் கண் இல்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வலைத்தளத்தின் பின்னே அதனை அமைத்தவர் எழுதி வைத்துள்ள குறிப்புகளையே அது படிக்கிறது. படத்திற்குப் பின்னே "எண்ணெய் வடிகட்டி, இருசக்கர வண்டிக்குரியது" என்று எழுதியிருந்தால் அதைச் சொல்லும். ஒன்றும் எழுதாவிட்டால் "படம்" என்று மட்டும் சொல்லும். அல்லது படக்கோப்பின் பெயரிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்கும். பொத்தானுக்குப் பெயர் இல்லையேல் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மும்முறை ஒலிக்கும். அவற்றுள் எது பணம் செலுத்துவது, எது விண்ணப்பத்தை அழிப்பது என்று கேட்பவர் எவ்வாறு அறிவார்? படிவத்தில் கட்டம் இருக்கிறது. அது பெயருக்கா பிறந்தநாளுக்கா என்று கட்டத்தோடு பிணைத்து எழுதவில்லை என்றால் அதுவும் இருட்டுத்தான். எல்லாவற்றையும் கடந்து இறுதிக்கு வந்தால் கேப்சா என்னும் கோணல் எழுத்துப் படம் நிற்கும். அதனைப் படித்து எழுதினால்தான் நாம் இயந்திரம் அன்று, மனிதர் என்று ஒப்புக்கொள்ளுமாம். கண் இல்லாதவரை மனிதரல்லர் என்று தள்ளும் இவ்வேற்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை; எண்ணவே இல்லை. நம் மக்களைக் கணக்கில் எடுக்காமலேயே ஊர் வரைபடம் போட்டவர்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

இங்கிருந்து தொலைவில் இல்லாத பொன்விளைந்த களத்தூரில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். பிறவியிலேயே பார்வையற்றவர். அவருடைய முதுகில் விரலால் எழுதிக் காட்டி எழுத்துகளைக் கற்பித்தனர் என்பது வழிவழிச் செய்தி. எழுத்து அதே எழுத்துத்தான். அவர் உணரக்கூடிய இடத்தில் அதனை எழுதினார்கள், அவ்வளவே. படத்திற்குப் பின்னே ஒரு வரி எழுதி வைப்பதும் இதுவே. இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கற்பிக்க ஆசிரியரும் கேட்டு மகிழ அவையும் வாய்த்தன. அக்காலத்துச் சேரியில் பார்வையின்றிப் பிறந்த குழந்தைகளின் முதுகில் எழுத எவருடைய விரலும் நீளவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டு மக்களில் மாற்றுத்திறனாளிகள் நூற்றுக்கு 2.21 பேர், பட்டியல் சாதியினருள் 2.45 பேர். வறுமையும் சத்துக்குறைவும் ஆபத்தான வேலைகளும் எங்கே மிகுதியோ அங்கே உடற்குறையும் மிகுதி என்பதில் வியப்பில்லை.

ஆபத்தான வேலை என்றதும் இத்தொழிற்பகுதியின் நிலை நினைவுக்கு வருகிறது. பெருந்தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறு பட்டறைகளில் பவர் பிரஸ் இயந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தவர்களை இந்நெடுகிலும் காணலாம். ஒப்பந்தக் கூலிகளாய் அவ்வியந்திரத்தின் முன் நிற்போர் எத்தெருக்களிலிருந்து செல்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். கட்டைவிரல் இல்லாதவருக்குக் கைபேசித் திரையில் எள்ளளவு பொத்தான்களை நெருக்கமாக வைத்தால் ஒன்றை அழுத்த மற்றொன்று அழுந்தும். பொத்தான் எவ்வளவு சிறியதாகலாம் என்பதற்கும் அளவு வகுத்துள்ளார்கள். உலக வலைத்தளக் கூட்டமைப்பு 1999-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் அணுகல் நெறிகளின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு, நீளமும் அகலமும் 24 புள்ளிக்குக் குறையலாகாது என்கிறது. அதனினும் சிறிதாயின் பக்கத்துப் பொத்தானிலிருந்து போதிய இடைவெளி வேண்டும். வெளிர்மஞ்சள் எழுத்தை வெள்ளைத் தாளில் இட்டாற்போல் எழுதலாகாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது நாலரைக்கு ஒன்று என்றிருக்க வேண்டும் என்பதும் அந்நெறியே. காது கேளாதவருக்காகக் காணொளியில் பேச்சை எழுத்தாகவும் காட்ட வேண்டும். இவை வெளிச்சம் மங்கிய முதியோர் கண்களுக்கும் உதவும். நம் தாய்மார்களுள் எத்தனை பேர் பேரப்பிள்ளையிடம் கைபேசியை நீட்டி "இதைப் படித்துச் சொல்" என்கிறீர்கள்!

தமிழுக்கென்றே உரிய இடர் ஒன்றும் உண்டு. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய நகரில் நின்று அதனைப் பேசாமல் விடலாகாது. முன்னாளில் நம்மவர் கணினியில் தமிழ் எழுதப் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களைக் கையாண்டனர். திரையில் அகரம் தெரியும். உள்ளே பதிந்திருப்பதோ ஆங்கில எழுத்து. கண்ணுள்ளவருக்கு அது தமிழ். திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கிலக் குப்பை. யூனிக்கோடு முறையில் தமிழுக்கு 1991-ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. தமிழ்நாட்டரசு 2010-இல் அதனை ஏற்றது. அதன் பின்னரும் பழைய எழுத்துருவில் அச்சிட்ட அறிவிப்பை ஒளிப்படமாக எடுத்து, பி.டி.எஃப். கோப்பாக வலைத்தளத்தில் தொங்கவிடும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. ஒப்பந்தப்புள்ளி, வேலை அறிவிப்பு, கடன் விதிமுறை எல்லாம் இவ்வாறு படமாகத் தொங்குகின்றன. பக்கத்தின் மொழி தமிழ் என்று பின்னே ஒரு சொல் குறிக்காத தளத்தில், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று திணறும் காட்சியும் உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். வேலை தேடுபவருக்குச் சிரிப்பு வராது. தனித்தமிழா கலப்புத் தமிழா என்று நாம் எவ்வளவு வேண்டுமாயினும் வழக்காடலாம். எழுதிய தமிழ் காதில் தமிழாக விழ வேண்டும் என்பதில் இரு கட்சி இருக்க முடியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் பதினைந்தாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கடைகளுக்குள் நுழைவதிலும் பொதுக்கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலும் சாதி முதலியன காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்கிறது. அரசியலமைப்பு அவையில் 1948 நவம்பர் 29-ஆம் நாள், கடை என்னும் சொல் எதையெல்லாம் குறிக்கும் என்று வினா எழுந்தது. அண்ணல் அளித்த விடை மிக விரிந்த பொருள் உடையது. நாடி வருவோர் எவருக்கும் தன் சேவையை அளிக்க ஒருவர் ஆயத்தமாயிருக்கும் இடம் எதுவோ அதுவே கடை என்பது அதன் கருத்து. இணையம் என்ற ஒன்றைக் கனவிலும் கண்டிராத காலத்தில் சொல்லப்பட்ட இவ்விளக்கம், இன்றைய வணிக வலைத்தளத்திற்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! ஆனால் அப்பிரிவில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவையே காரணங்களாகக் கூறப்பட்டுள்ளன. உடற்குறை அவற்றுள் இல்லை.

அக்குறையை நீக்க வந்தது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 46-ஆம் பிரிவு, சேவை அளிப்போர் அரசாயினும் தனியாராயினும், விதிகள் வெளிவந்த நாள்தொட்டு இரண்டாண்டுகளுக்குள் தம் சேவையை யாவரும் அணுகும்படி செய்ய வேண்டும் என்கிறது. விதிகள் 2017-இல் வந்தன. தவணை 2019-இலேயே முடிந்துவிட்டது. சட்டத்தையோ விதியையோ முதன்முறை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம். மீண்டும் மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை. மருத்துவரை முன்பதிவு செய்ய உதவும் பிராக்டோ என்னும் தனியார் நிறுவனத்தின் செயலியைப் பயன்படுத்த இயலவில்லை என்று பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவர் முறையிட்டபோது, தலைமை ஆணையர் 2022-இல் அதனைச் சீர்செய்யப் பணித்தார்.

சட்டம் "செய்ய வேண்டும்" என்று சொல்ல, விதி "செய்தால் நன்று" என்னும் தோரணையில் எழுதப்பட்டிருந்தது. இந்த ஓட்டையை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் நாள் இராஜீவ் ரத்தூரி வழக்கில் சுட்டிக்காட்டி, அவ்விதியைச் செல்லாது என்று தள்ளி, கட்டாயமான நெறிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு நடுவணரசுக்கு ஆணையிட்டது. பார்வையற்றவராகிய ரத்தூரி அவ்வழக்கைத் தொடுத்தது 2005-ஆம் ஆண்டில். நீதி பத்தொன்பது ஆண்டு நடந்து வந்திருக்கிறது. நீதிமன்றப் படிகளின் நீளம் நம் மக்களுக்குப் பழக்கமானதே.

அடுத்த தீர்ப்பு 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் வந்தது. அமில வீச்சால் முகமும் கண்களும் சிதைந்த பிரக்யா பிரசூன் என்னும் அம்மையார் வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றார். உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்கக் கருவியின் முன் கண்ணைச் சிமிட்டுமாறு கூறப்பட்டது. கண்ணைச் சிமிட்ட அவரால் இயலவில்லை. பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்த வழக்கும் இதனோடு சேர்ந்தது. நீதியரசர்கள் பர்திவாலாவும் நம் தமிழகத்தைச் சேர்ந்த மகாதேவனும், இணையவழிச் சேவையை அணுகுதல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் கூறு என்று தீர்ப்பளித்து, இருபது கட்டளைகளையும் இட்டனர். கண் சிமிட்டுதலைத் தவிர்த்த வேறு வழிகளையும் ஏற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

"இவையெல்லாம் பெருஞ்செலவு, சிறு முதலாளி தாங்கமாட்டார்" என்னும் பேச்சை நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். சிட்னி ஒலிம்பிக் விளையாட்டுக் குழுவினரும் இதையே சொன்னார்கள். அவர்கள் தளத்தைப் பயன்படுத்த இயலவில்லை என்று புரூஸ் மகுவயர் என்னும் பார்வையற்றவர் 1999-இல் முறையிட்டபோது, சரிசெய்ய இருபது இலட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்குக் காட்டினர். மகுவயர் தரப்பு வல்லுநர்கள் அதில் சிறு பகுதியே போதும் என்று எடுத்துரைத்தனர். மனித உரிமை ஆணையம் 2000-ஆம் ஆண்டில் குழுவுக்கு எதிராகவே தீர்ப்புக் கூறி, இருபதாயிரம் டாலர் இழப்பீடும் விதித்தது. அமெரிக்காவில் பிட்சா விற்கும் டாமினோஸ் நிறுவனமும் 2019-இல் இத்தகைய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வரை சென்று பார்த்தது. அந்நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொள்ளவே இல்லை. கட்டிமுடித்த வீட்டில் வாயிலை இடித்து அகலமாக்கினால் செலவுதான். மனை போடும்போதே அகலமான வாயில் வைத்தால் கூடுதல் செலவு என்ன? ஐரோப்பாவிலும் 2025 சூன் 28 முதல் இணைய வணிகத்திற்கு இது கட்டாயமாகிவிட்டது. அந்நாட்டு மக்களுக்கு இணையத்தில் விற்க விரும்பும் இப்பகுதி நிறுவனங்கள் அங்கே ஒரு நெறி, ஊருக்குள் ஒரு நெறி என்று எத்தனை நாள் நடக்க முடியும்?

மாணவச் செல்வங்களே, இனி உங்களிடம் சிறிது பேச வேண்டும். போர்டு நிறுவனம் 2022-இல் இங்கே கார் உற்பத்தியை நிறுத்தியபோது, ஒரு தொழிற்சாலையை மட்டுமே நம்பிய குடும்பங்கள் பட்ட பாட்டை அருகிருந்து கண்டோம். அதன் பின் கணினித் தொழில் கற்ற நம் பிள்ளைகள் பலர் பட்டறைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் வலைத்தளம் அமைத்துத் தந்து பொருளீட்டுகின்றனர். நன்று. அத்தளங்களின் வாயிலை வைப்பவர்கள் நீங்களே. பொதுவழி மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டும் கடையிலே இன்னொருவருக்கு வழியடைத்தல் தகுமா? தளத்தை உரியவரிடம் ஒப்படைக்குமுன் கணினியின் மவுசைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டுமே முதலிலிருந்து பணம் செலுத்துவது வரை சென்று பாருங்கள். பின் திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பானின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டே அதே வழியில் செல்லுங்கள். எங்கே தடுக்கி விழுகிறீர்களோ அங்கே திருத்துங்கள். தானாகவே சோதிக்கும் மென்பொருள்களும் உண்டு, அவை பயனுடையனவே, ஆயினும் படத்திற்குப் பின்னே ஏதோ எழுதியிருக்கிறதா என்று மட்டுமே அவை உறுதியாகச் சொல்லும், எழுதியது பொருந்துமா என்பதை மனிதர்தாம் சொல்ல முடியும். ஆகவே பார்வையற்ற ஒருவரை அருகில் அமர்த்திச் சோதியுங்கள். அதற்கு அவருக்குக் கூலி கொடுங்கள். புண்ணியத்திற்கு வேலை வாங்கும் பழக்கம் நம்மிடமும் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

ஒருவேளை கடை முதலாளி, "என் கடைக்குக் குருடர் எவர் வரப்போகிறார்?" என்று கேட்பார். வாயிலே இல்லாதபோது எவர் வருவார் என்று திருப்பிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழப் பதினொரு இலட்சத்து எண்பதாயிரம் பேர். அவர்களும் சட்டை வாங்குகிறார்கள், திருமணம் செய்கிறார்கள், வண்டிக்கு உதிரிப்பாகம் தேடுகிறார்கள். இதற்கும் செவிசாய்க்காத பெருநிறுவனமாயின், எந்நாளில் எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான் தடுத்தது என்று குறித்துக்கொண்டு முதலில் அந்நிறுவனத்துக்கே எழுதுங்கள். விடை இல்லையேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். மனு எழுதுவதில் நம் கழகத்தாருக்குப் பயிற்சி போதும் என்றே எண்ணுகிறோம்.

செயற்குழுவின் இசைவோடு ஒரு செய்தியைக் கூறி அமைகிறோம். வரும் கல்வியாண்டுக்கான நம் உதவித்தொகை விண்ணப்பம் இணையவழியில் அமைய இருக்கிறது. அதனை வெளியிடுமுன், நம் பகுதியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர்கள் தம் கைபேசியிலேயே, எவர் உதவியுமின்றி, முழுமையாக நிரப்பிப் பார்க்க வேண்டும். அவர்கள் ஒப்பிய பின்னரே அது வெளிவரும். அதில் உடன் பணியாற்ற விரும்பும் கணினி இளைஞர்கள், அமர்வு முடிந்ததும் மேடையின் இடப்புறம் அமர்ந்திருக்கும் செயலாளரிடம் தத்தம் பெயரைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.